திரையை அணைத்துவிட்டு ஒருமுறை உங்கள் செயலியைத் திறந்து பாருங்கள்

தமிழில் செயலிகளும் இணையதளங்களும் உருவாக்கும் நிரலாளர்களே, வடிவமைப்பாளர்களே, அவர்களை வழிநடத்தும் நண்பர்களே,



இந்த மடலை அரசுக்கு எழுதியிருக்கலாம். அங்கே எங்கள் மனுக்கள் ஏராளமாக இருக்கின்றன, இனியும் போகும். ஆனால் நான் பணம் அனுப்பும் செயலியில் ஒரு பொத்தானுக்குப் பெயர் இருக்க வேண்டுமா என்பதை எந்த அமைச்சரும் முடிவு செய்வதில்லை. சென்னையிலோ கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ கணினி முன் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். பெரும்பாலும் அப்படியொரு முடிவை எடுக்கிறோம் என்பதே தெரியாமல் எடுக்கிறீர்கள். அதனால்தான் நேராக உங்களிடம் பேச வேண்டும் என்று தோன்றியது.

நான் பார்வையற்றவன். கணினியையும் கைபேசியையும் காதால் பயன்படுத்துகிறவன். உங்கள் செயலி என்னிடம் ஒரு குரலாகத்தான் வந்து சேர்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான்கள் திரையில் இருப்பதை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்கின்றன. விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது. இருமுறை தட்டினால் தேர்வு. இப்படித்தான் நானும் என்னைப் போன்றவர்களும் வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம், ரயில் டிக்கெட் எடுக்கிறோம், கரண்ட் பில் கட்டுகிறோம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் செலுத்துகிறோம்.

ஒரு பொத்தானுக்கு நீங்கள் பெயர் கொடுத்திருந்தால் ‘பணம் அனுப்பு, பொத்தான்’ என்று கேட்கும். வெறும் படத்தை வைத்துவிட்டுப் போயிருந்தால் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்று கேட்கும். ஒரே திரையில் நான்கைந்து பெயரிடப்படாத பொத்தான்கள் வரிசையாக நின்றால், எது பணத்தை அனுப்பும், எது பெறுநரின் பெயரையே நீக்கிவிடும் என்று நான் ஊகித்துத் தட்ட வேண்டும். உழைத்துச் சேர்த்த பணத்தை ஊகத்தின் பேரில் அனுப்பச் சொல்லலாமா?

எல்லாவற்றிலும் மோசமானது கடைசிப் படி. நீண்ட விண்ணப்பத்தைப் பொறுமையாக நிரப்பி முடித்த பிறகு, சமர்ப்பிக்கும் இடத்தில் ஒரு கேப்ட்சா படம் வந்து நிற்கும். வளைந்து நெளிந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்ட வேண்டுமாம். ஒலி வடிவம் இருக்காது; இருந்தாலும் இரைச்சலில் அமுங்கிய ஆங்கிலமாக இருக்கும். நாங்கள் வழி தேடிக்கொண்டிருக்கும்போதே ‘நேரம் முடிந்தது’ என்று எல்லாம் அழிந்து முதல் பக்கத்துக்குப் போய்விடும். மனிதர்களை மட்டும் உள்ளே விட வைத்த காவல் அது. எங்களை அது மனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்போது என்ன செய்கிறோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிறோம். கடவுச்சொல்லைச் சொல்கிறோம். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை அவர் வாசிக்க, நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். ரத்தப் பரிசோதனை முடிவையும், மனைவி அனுப்பிய செய்தியையும், வேலை மறுக்கப்பட்ட கடிதத்தையும் எங்களுக்கு முன்னால் இன்னொருவர் படித்துவிடுகிறார். ரகசிய எண்ணை யாரிடமும் பகிராதீர்கள் என்று வங்கி குறுஞ்செய்தி அனுப்புகிறது. அதே வங்கியின் செயலி எங்களைப் பகிர வைக்கிறது. தனியாக வாழும் ஒரு பார்வையற்ற பெண் தன் வீட்டு முகவரியையும் வங்கி விவரத்தையும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து ‘இதைக் கொஞ்சம் முடித்துத் தாருங்கள்’ என்று கேட்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். இதை வசதிக் குறைவு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஒருவரின் அந்தரங்கமும் பாதுகாப்பும் உங்கள் திரையில் பறிபோகின்றன.

இன்னொரு வருத்தமும் உண்டு. பல மாதம் பழகி, எந்த இடத்தில் எது இருக்கிறது என்று மனப்பாடமாகி, ஒரு செயலியை நாங்கள் தடுமாறாமல் பயன்படுத்தத் தொடங்கியிருப்போம். ஒரு நாள் காலையில் அப்டேட் வரும். புது நிறம், புது வடிவம் என்று விளம்பரம் சொல்லும். நேற்றுவரை பேசிய பொத்தான்கள் ஊமையாகியிருக்கும். பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழியிருக்காது. எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ‘அப்டேட் போட்டுவிடாதீர்கள்’ என்று ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. உங்கள் உழைப்பின் புதிய பதிப்பைக் கண்டு உங்கள் பயனாளரே அஞ்சுவது உங்களுக்கு வருத்தமாக இல்லையா?

தமிழில் புழங்குகிறவர்களுக்கு இதற்கு மேலும் துன்பம் காத்திருக்கிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கணினிக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் அவற்றைத்தான் வாசிக்கும். தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010 ஜூனில். அதற்குப் பிறகும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பழைய எழுத்துருக்களில் ஆவணங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினியில் தட்டச்சான மலர்களும் சுற்றறிக்கைகளும் குவிந்து கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கும்போது, அப்படியே பதிவேற்றிவிடுவது ஏன்?

ஒருங்குறியில் உருவான பிடிஎஃப் கோப்புகளிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ள, சொற்கள் சிதைந்து வரும். சோதித்துப் பார்ப்பது எளிது: அழகாகத் தெரியும் ஒரு பக்கத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டிய இடத்தில் நீங்கள் காணும் குழப்பம்தான் எங்கள் காதில் விழுகிறது. இன்னும் கொடுமை, காகிதத்தை ஸ்கேன் செய்து படமாகவே ஏற்றிவிடும் பழக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய வேலைக்கான அறிவிப்பே இப்படிப் படமாக வந்து, எங்களில் பலர் கடைசித் தேதி கடந்த பிறகு அதைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டு.

ஒரே ஒரு குறிப்பில் தீரும் துன்பமும் இருக்கிறது. பக்கம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதை எச்டிஎம்எல் கோப்பின் தொடக்கத்தில் இரண்டே எழுத்துகளில் சொல்லிவிடலாம். பலரும் ஆங்கில வார்ப்புருவை எடுத்து, உள்ளே தமிழைக் கொட்டிவிட்டு, அந்தக் குறிப்பை ஆங்கிலம் என்றே விட்டுவிடுகிறார்கள். விளைவாக, தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரல் வாசிக்க முயன்று திணறுகிறது. சில நேரம் மௌனமாகிவிடுகிறது. ஒரு பக்கம் முழுக்கத் தமிழ் இருந்தும், அதில் ஒன்றுமே இல்லை என்று எண்ணி நாங்கள் மூடிவிட்டுப் போகிறோம்.

எங்கள் பங்குக்கு நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கணினித் திரைவாசிப்பான் என்றால் விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்தான். அந்த விலை எங்களில் பெரும்பாலோரின் கைக்கு எட்டாது. 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏவை எழுதத் தொடங்கினார்; ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்ற இளைஞர் அவரோடு சேர்ந்துகொண்டார். அது கட்டற்ற மென்பொருள். யாரும் காசில்லாமல் நிறுவிக்கொள்ளலாம். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் தன்னார்வலர்கள். ஈஸ்பீக் என்ற கட்டற்ற குரல் தமிழையும் வாசிக்கிறது. இயந்திரத்தனமான குரல்தான், ஆனாலும் எங்கள் காது பழகி, பார்வையுள்ளவர்களுக்குப் புரியாத வேகத்தில் அதைக் கேட்டுப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், நிரல் எழுதுகிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். வாசிக்கும் கருவி எங்கள் கையில் தயாராக இருக்கிறது. வாசிக்கத் தக்கதாக எழுத வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

‘இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, படத்தைக் காட்டினால் அதுவே வாசித்துச் சொல்லிவிடுமே’ என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். அந்தக் கருவிகள் எங்களுக்குப் பெரும் துணை, நன்றியோடுதான் பயன்படுத்துகிறோம். ஆனால் அவை ஊகித்துச் சொல்கின்றன. கணக்கு எண்ணில் ஒரு இலக்கம், மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி மாறினால் விளைவை அனுபவிப்பது நாங்கள். அதோடு, என் வங்கித் திரையைப் படம் பிடித்து எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பித்தான் நான் அதைப் படிக்க வேண்டும் என்றால், பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பொத்தானின் பெயர் அதை வைத்தவருக்குத் தெரியும். தெரிந்த உங்களிடம் கேட்காமல், ஊகிக்கும் இயந்திரத்திடம் நாங்கள் ஏன் கேட்க வேண்டும்?

பார்வையற்றோரைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. காது கேளாத ஒருவர் உங்கள் செயலியில் புகார் செய்யப் போனால், ஒரு தொலைபேசி எண் மட்டும் இருக்கிறது. அவர் யாரைப் பேசச் சொல்வார்? நீங்கள் வெளியிடும் விளக்கக் காணொளியில் தமிழ் வரிகள் ஓடாவிட்டால் அவருக்கு அது உதடு அசையும் படம். சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்தவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. உங்கள் நீண்ட, சுற்றி வளைத்த வாக்கியங்கள் அவர்களுக்கு இன்னொரு தடை. தசைச்சிதைவு உள்ள இளைஞர் மவுஸைப் பிடிக்க முடியாமல் விசைப்பலகையின் சில விசைகளைக் கொண்டே கணினியை ஆள்கிறார். உங்கள் பட்டியல் மவுஸ் மேலே சென்றால்தான் விரியும் என்றால் அவருக்கு அது விரியாது. மூளை முடக்குவாதத்தால் கை நடுங்கும் பெண்ணுக்கு, முப்பது விநாடிக்குள் ஓடிபியைத் தட்டி முடிப்பது பந்தயம். தொழுநோயில் விரல் இழந்தவர் கைரேகை இயந்திரத்தின் முன் எதை வைப்பார்?

ஆசிட் வீச்சில் உயிர் தப்பிய ஒரு பெண் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனார். ‘உயிருள்ளவர் என்பதை நிரூபிக்கக் கண் சிமிட்டுங்கள்’ என்று இணையவழி அடையாளச் சரிபார்ப்பு கேட்டது. முகமும் கண்களும் சிதைந்த அவரால் சிமிட்ட முடியவில்லை. அவரும் அவரைப் போன்றவர்களும் இந்திய உச்ச நீதிமன்றம் போனார்கள். பார்வையற்ற ஒருவரின் மனுவும் அதோடு சேர்ந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. எண்ணிமச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் பிரிக்க முடியாத பகுதி என்று அது சொன்னது; அடையாளச் சரிபார்ப்பை எல்லாரும் செய்யத் தக்கதாக மாற்ற 20 வழிகாட்டு உத்தரவுகளையும் பிறப்பித்தது. கண் சிமிட்டச் சொன்ன அந்த நிரலை எழுதியவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். சிமிட்ட முடியாத மனிதர் ஒருவர் இருப்பார் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றவைக்க ஆள் இல்லை என்பதே குறை.

நீங்கள் சொல்லும் சமாதானங்களை நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் என் பதிலைக் கேளுங்கள்.

‘உங்களைப் போன்றவர்கள் மிகச் சிலரே’ என்கிறீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம். அன்றைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றிருந்தது. இன்றைய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. உலக அளவில் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களை உங்கள் பயனாளர் பட்டியலில் காணவில்லை என்றால், முதல் திரையிலேயே நாங்கள் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறோம் என்று பொருள். வர முடியாதவர்களை எண்ணாமல் விட்டுவிட்டு, வருபவர் இல்லை என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

‘நேரமும் செலவும் கூடும்’ என்கிறீர்கள். பிறகு செய்தால் கூடத்தான் செய்யும். சுவர் எழும்பும்போதே ஒயரிங் பைப்பைப் பதிக்காமல், பூச்சும் வெள்ளையும் முடிந்த பிறகு கொத்தினால் செலவு ஆகாமல் இருக்குமா? முதல் நாளிலேயே பொத்தானைப் பொத்தானாகவே எழுதினால், தலைப்பைத் தலைப்பாகவே குறித்தால், இதில் பாதி வேலை தானாக முடிந்துவிடும். வெறும் பெட்டியை வரைந்து அதற்குப் பொத்தான் வேஷம் போடுவதுதான் கூடுதல் வேலை.

‘வாடிக்கையாளர் கேட்கவில்லை’ என்கிறீர்கள். இது எனக்கு மிகவும் வலிக்கும் பதில். ஏனென்றால் கேட்கும் வாடிக்கையாளருக்கு நீங்கள் செய்துகொடுக்கிறீர்கள். அமெரிக்க மத்திய அரசுத் துறைகள் வாங்கும் மென்பொருள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும் என்று 1998இலேயே அங்கே சட்டம் வலுப்படுத்தப்பட்டது. 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் வங்கிச் சேவை, இணைய வணிகம், மின்னூல் எனப் பலவற்றுக்கும் நடைமுறைக்கு வந்துவிட்டது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் அமர்ந்து நீங்கள் ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதுகிறீர்கள், ஒவ்வொரு படிவத்தையும் திரைவாசிப்பானில் சோதிக்கிறீர்கள். பெர்லினில் இருக்கும் பார்வையற்றவருக்காக அதைச் செய்யும் அதே கைகள், பெரம்பூரில் இருக்கும் பார்வையற்றவருக்கான செயலியைத் தொடும்போது மட்டும் ஏன் மறந்துவிடுகின்றன? அறிவு இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, கருவி இருக்கிறது. சொந்த மக்களுக்கு மட்டும் அது மறுக்கப்படுகிறது.

‘ஒரு செருகு நிரலைச் சேர்த்துவிட்டோம், எல்லாம் சரியாகிவிடும்’ என்றும் சிலர் சொல்கிறீர்கள். பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படத்தோடு வந்து நிற்குமே, அதைச் சொல்கிறேன். அது பெரும்பாலும் எங்கள் திரைவாசிப்பானோடு மோதி, ஓரளவு வாசித்ததையும் கெடுக்கிறது. அப்படியொரு நிரலை விற்ற நிறுவனம், எந்த இணையதளத்தையும் தரத்துக்கு ஏற்றதாக மாற்றிவிடும் என்று தவறாக விளம்பரம் செய்ததற்காக, 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் வணிக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது. உள்ளே இருக்கும் நிரலைத் திருத்தாமல் வெளியே ஒட்டும் எதுவும் எங்களுக்கு உதவாது.

சட்டமும் உங்களிடம் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் 46ஆவது பிரிவு, சேவை தருபவர் அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் கட்டுப்படுத்தும். மீறினால் 89ஆவது பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரமே வந்துவிட்டது. 2023இல் அது அந்தச் சட்டத்தின் விதிகளிலும் சேர்க்கப்பட்டது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கே முரண் என்று கூறி, கட்டாயமான விதிகளை வகுக்கச் சொன்னது. ஆனாலும் நண்பர்களே, வழக்குக்குப் பயந்து செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வழக்கறிஞரின் அறிவுரைப்படி செய்யப்பட்ட பக்கம் சோதனையில் தேறும். பயன்படுத்தும்போது தடுமாற வைக்கும். எங்களை மனத்தில் வைத்துச் செய்த பக்கத்தின் வேறுபாடு முதல் நிமிடத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது மலைக்கத் தக்கதாகவும் இல்லை. வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் உலகின் 10 லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களை ஆராய்கிறது. 2025இல் அவற்றில் 94.8 விழுக்காடு பக்கங்களில், இயந்திரமே கண்டுபிடித்துவிடும் அளவுக்கான பிழைகள் இருந்தன. ஆனால் அந்தப் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை ஆறே வகைதான்: மங்கலான எழுத்து, மாற்று உரையில்லாத படம், பெயரில்லாத படிவக் கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், மொழி குறிக்காத பக்கம். இந்த ஆறில் எதற்கு ஆராய்ச்சி தேவை? எதற்குப் பெருநிதி தேவை? ஒரு மதியப் பொழுதில் ஒரு நிரலாளர் ஒரு முக்கியத் திரையைத் திருத்திவிட முடியும்.

மங்கலான எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இப்போது நாகரிகமாகிவிட்டது. உலகத் தரமான டபிள்யூசிஏஜி, எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது. சுழிகளும் வளைவுகளும் நெருங்கிய நம் எழுத்துகளுக்கு அது இன்னும் அவசியம். குறைபார்வை உள்ளவருக்காக நீங்கள் எழுத்தைக் கறுப்பாக்கினால், கண்புரை வந்த உங்கள் தாத்தாவும், உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் கைபேசி பார்க்கும் நீங்களும் அதைப் படிப்பீர்கள். பேருந்து இருக்கைகளைப் பச்சை, சிவப்பு என்று நிறத்தால் மட்டும் காட்டாமல் ‘காலி’, ‘நிரம்பியது’ என்று சொல்லாலும் சொன்னால், நிறக்குருடு உள்ளவரும் பதிவு செய்துகொள்வார்.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்கப் போகிறேன். எங்களைப் பயனாளராக மட்டும் பார்க்காதீர்கள். சக ஊழியராகச் சேருங்கள். சோதித்துச் சொல்ல எங்களைக் கூப்பிடும் நிறுவனங்கள் சில இருக்கின்றன. பெரும்பாலானவை ‘சமூக சேவைதானே’ என்று காசு கொடுப்பதில்லை. பிழை கண்டுபிடிப்பது தொழில். அதற்கு ஊதியம் உண்டு என்பதை உங்கள் மற்ற சோதனையாளர்களுக்கு நீங்கள் மறுப்பதில்லை. நிரல் எழுதத் தெரிந்த பார்வையற்ற இளைஞர்கள் வேலை தேடி வரும்போது, உங்கள் ஆள்தேர்வுச் சோதனைத் தளமே திரைவாசிப்பானோடு இயங்காமல் அவர்களை வாசலிலேயே வடிகட்டிவிடுகிறது. உள்ளே வந்தவர்களும் வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், உட்குழு உரையாடல் என எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க நேர்கிறது. கண் சிமிட்டச் சொல்லும் நிரல் எழுதப்பட்ட அறையில் எங்களில் ஒருவர் இருந்திருந்தால், அந்த வழக்கே பிறந்திருக்காது.

உங்களில் குழுத்தலைவர்களாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இளைய நிரலாளர் பலருக்கு இதைச் செய்யும் ஆர்வம் இருக்கிறது. என்னிடம் பேசியவர்கள் உண்டு. ‘அதற்கு இந்த ஸ்பிரிண்டில் இடமில்லை’ என்ற ஒரே வரியில் அந்த ஆர்வம் அணைக்கப்படுகிறது. பணம் அனுப்ப முடியாத செயலியை நீங்கள் வெளியிட மாட்டீர்கள். பிழை என்று சொல்லி நிறுத்திவிடுவீர்கள். எங்களால் பணம் அனுப்ப முடியாததையும் அதே பட்டியலில், அதே முன்னுரிமையோடு பிழை என்று எழுதுங்கள். ‘கூடுதல் வசதி’ என்ற தலைப்பின் கீழ் எங்களை வைக்கும்வரை, எங்கள் முறை வரவே வராது.

இப்போது என் வேண்டுகோள்.

இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் டாக்பேக்கை இயக்குங்கள். வலம் தள்ளவும் இருமுறை தட்டவும் பழகிக்கொள்ளுங்கள். பிறகு திரையின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, நீங்கள் உருவாக்கிய செயலியில் ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை முடிக்கப் பாருங்கள்: ஒரு பதிவு, ஒரு கட்டணம், ஒரு புகார். கணினியில் என்றால் மவுஸை எடுத்துத் தள்ளி வையுங்கள்; என்விடிஏவை இலவசமாக இறக்கி, டேப் விசையாலும், தலைப்புக்குத் தலைப்பு தாவும் ஹெச் விசையாலும் உங்கள் பக்கத்தை உலவுங்கள். எங்கெல்லாம் நின்றுபோனீர்கள் என்று எழுதிவையுங்கள். அந்தப் பட்டியலை அடுத்த பதிப்பின் பிழைப் பட்டியலில் சேருங்கள்.

அதற்குப் பின் நான்கு காரியங்களை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையில் தேறாத எந்தப் பதிப்பையும் வெளியிடாதீர்கள். தமிழ் உள்ளடக்கம் எதையும் படமாகவோ பழைய எழுத்துருவிலோ ஏற்றாதீர்கள்; பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியுங்கள். மாற்றுத்திறனாளிகள் குறை சொல்ல, எழுத்தாலும் குரலாலும் வரக்கூடிய ஒரு வழியைச் செயலிக்குள்ளேயே வைத்து, வரும் குறைக்குப் பதில் எழுதுங்கள். ஊதியம் கொடுத்து எங்களில் ஒருவரையாவது சோதனைக் குழுவில் சேருங்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் முடித்துவிடுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குறையோடு தொடங்குங்கள், குறைகளைச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். வெளியிட்ட பிறகு எங்கள் குழுக்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். எந்தத் திரை பேசுகிறது, எந்தத் திரை இன்னும் பேசவில்லை என்று அன்றைக்கே பட்டியலிட்டு அனுப்புகிறோம். நீங்கள் திருத்தினால் மீண்டும் சோதிக்கிறோம். என் பணத்தை நானே அனுப்பவும், என் கடிதத்தை நானே முதலில் படிக்கவும் எனக்கு இருக்கும் உரிமை உங்கள் விசைப்பலகையில் இருக்கிறது. அதைத் தாமதிக்காமல் தாருங்கள்.

மிக்க எதிர்பார்ப்போடும் அன்போடும்,
உங்கள் செயலிகளைக் காதால் பயன்படுத்தும் ஒருவன்